அரிசி மில் தராசு முதல் வார ஊசி வரை

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். ஓய்வு பெற்று நான்கு வருஷமாகிவிட்ட என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அறுவை அரங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் நின்றவள் என்ற மரியாதை. நான் பேசத் தொடங்கும் முன்பே முன்வரிசையில் இருந்த அபிஷா என்ற பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"சிஸ்டர், இப்பம் வாரத்துக்கு ஒரு ஊசி போட்டா வெயிட் குறையுதே. இனி வயித்தைத் தைக்கிற ஆபரேஷன் எல்லாம் எதுக்கு? நிப்பாட்டிருவாங்களா?"

"ஊசி சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது மக்கா. யாருக்கு எதுண்ணு டாக்டர்மாரு பாத்துக்கிடுவாங்க. ஆனா நீ இப்பம் பாக்கிற மாதிரியே இந்த ஆபரேஷன் எப்பவும் இருந்துதுண்ணு மட்டும் நினைச்சிராதே" என்றேன்.

எனக்குத் தந்தது பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் அரிசி மில் வரைக்கும்தான் போக முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் தோவாளைக்காரி. வீட்டைச் சுற்றிப் பிச்சியும் அரளியும் பயிரிட்ட குடும்பம். பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருஷம் நர்சிங் படித்தேன். இரண்டு வருஷம் பிரசவ வார்டில் இருந்தேன். பிறகு அறுவை அரங்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே டாக்டர் செல்லையன் இருந்தார். மார்த்தாண்டத்துக்காரர். தமிழில் தொடங்கும் வாக்கியத்தை மலையாள ராகத்தில் முடிப்பார். வெளிநாட்டில் ஒரு வருஷம் பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தார். உடல் பருமனுக்கு அறுவை உண்டு என்பதை எங்கள் ஊரில் முதலில் சொன்னவர் அவர்தான். யாரும் நம்பவில்லை. "தடியைக் குறைக்க வயித்தைக் கீறுகதா? அரைவயிறு சாப்பிட்டாப் போதாதா?" என்று பிற டாக்டர்களே கேட்டார்கள்.

அவர் யாரிடமும் வாதாட மாட்டார். "அரைவயிறு சாப்பிட முடியாம இருக்கதுதான் நோயி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார்.

முதலில் துணிந்து வந்தவர் ஆரல்வாய்மொழிப் பக்கத்து டீச்சர் ஒருவர். முட்டு வலி. மாடி வகுப்புக்கு ஏற முடியவில்லை. எடை பார்க்கலாம் என்று தராசில் ஏற்றினோம். முள் நூற்றிருபதுக்குப் போய் அதற்கு மேல் இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. மயக்க மருந்தின் அளவைக் கணக்கிட எடை துல்லியமாகத் தெரியவேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தது அந்த ஒரு தராசுதான்.

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு அரிசி மில்லுக்குப் போனார். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே இருந்தது. சுமை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு காரை விட்டே இறங்கவில்லை. நான் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே தராசில் ஏறினார். "ஓய், எனக்கு எவ்வளவு காட்டுது?" என்று மில் கணக்கரிடம் கேட்டார்.

"எழுபத்தெட்டு இருக்கு சார்."

"நேத்து தின்ன சக்கைப்பழம் உள்ளேயே இருக்கு போல." சுமைக்காரர்கள் சிரித்தார்கள். "பகவதி, இனி நீ ஏறு."

ஏறினேன். என் எடையையும் உரக்கச் சொன்னார்கள். பிறகு மில் கணக்கரை ஏறச் சொன்னார். சுமைக்காரர்களில் ஒருவர் தானாகவே வந்து ஏறினார். அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கடைசியில் டீச்சர் காரிலிருந்து இறங்கி வந்து, "எனக்கும் பாத்திருங்க" என்றார். அப்போது மட்டும் டாக்டர் கணக்கரை அந்தப்பக்கம் போகச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து முள்ளைப் பார்த்தார். நூற்றி முப்பத்திரண்டு. யார் காதிலும் விழாமல் என்னிடம் சொன்னார். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அந்த அறுவைக்கு நாங்கள் செய்த ஏற்பாடுகளை இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் கேட்டால் நம்பமாட்டார்கள். மேசை அகலம் போதாது. ஆசாரியை வரவழைத்து இரண்டு பக்கமும் பலகை சேர்த்தோம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையைச் சுற்றி எட்டவில்லை. இரண்டு பட்டைகளை இணைத்துத் தைத்தேன். வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கிகள் எல்லாம் ஒல்லி உடம்புக்குச் செய்தவை. ஆழத்துக்கு எட்டாது. கோட்டாற்றில் ஒரு பட்டறையில் கொடுத்து நான்கு விரற்கடை நீளம் கூட்டி வாங்கினோம். பட்டறைக்காரர் கேட்டாராம், "இது என்ன, கிணத்துல விழுந்த வாளி எடுக்கவா சார்?"

நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை கீறவேண்டும். இரைப்பையின் மேல்பாகத்தில், காகிதத்துக்கு ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஊக்குப் போட்டுச் சின்னதாக ஒரு பை உண்டாக்கி, அதன் வாசலில் ஒரு பட்டை கட்டவேண்டும். அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் நின்றேன். முடிந்த பிறகு என் விரல்கள் நிமிர மறுத்தன. டாக்டர் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்திவிட்டு, "இண்ணைக்கு ஆபரேஷன் செய்தது நீதான். நான் வேடிக்கை பாத்தேன்" என்றார்.

டீச்சர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எடை நன்றாக இறங்கியது. மாடி ஏறினார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது எடையில் பாதிக்கு மேல் திரும்ப ஏறியிருந்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

"சப்பாத்தி இறங்க மாட்டேங்குது சார். தோசை இறங்க மாட்டேங்குது. பாயசமும் ஐஸ்கிரீமும் மட்டும் சுகமாட்டு இறங்குது. அதையே குடிச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. "தப்பு உங்க மேல இல்ல டீச்சர். நான் போட்ட பூட்டு அப்படி. கட்டியானதுக்குப் பூட்டு, திரவத்துக்குத் திறப்பு. வேற பூட்டு கண்டுபிடிக்கணும்" என்றார். அந்த வகை அறுவையை அதற்குப் பிறகு அவர் அதிகம் செய்யவில்லை. உலகத்திலும் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்து வந்தது துளை போட்டுச் செய்கிற முறை. வயிற்றில் காற்றை நிரப்பி, விரல் நுழையும் அளவுக்கு நாலைந்து துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே உள்ளே வேலை செய்வது. டாக்டருக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இருபத்தைந்து வருஷம் கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்துப் பழகியவர், குச்சி முனையால் தொடாமல் தொடப் படிக்கவேண்டி வந்தது. ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, உள்ளே கேமராவை வைத்து, பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிப் பழகினார். முதல் நாள் பட்டாணி அறை முழுதும் உருண்டது. நானும் முயன்றேன். எனக்கு அவரைவிட சீக்கிரம் வந்தது. பூ கட்டிப் பழகிய விரல்.

"உனக்கு எப்படிட்டீ வந்துது?" என்று பொறாமையோடு கேட்டார்.

"நீங்க பட்டாணியை நசுக்கப் பாக்கியோ சார். நான் எடுக்கப் பாக்கேன்."

மறுநாளிலிருந்து அவரும் எடுக்கத் தொடங்கினார். ஆறு மாதம் பெட்டியிலேயே தைத்துப் பழகினார். வாழைப்பழத் தோலைத் தைப்பார், கோழித் தோலைத் தைப்பார். தையல் பிரிந்தால் முதலிலிருந்து தொடங்குவார்.

இந்த முறையில் நாங்கள் செய்த முதல் சில பேரில் ஒருவர்தான் தாணுமாலயன். அவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

தாணு அண்ணன் கல்யாண வீடுகளில் சமையல் செய்கிறவர். பறக்கைப் பக்கம் வீடு. ஐந்நூறு இலைக்கு அவியலும் புளிசேரியும் ஒரே ஆளாக நின்று இறக்குவார். எடை நூற்றி அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு நின்றுபோகும். அதனால் உட்கார்ந்தே தூங்குவார். அதுவும் போதாமல் பகலில் நின்ற இடத்தில் கண் சொக்கும். ஒரு நாள் கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில், கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். அவர் மனைவி செண்பகம் பின்னால் வேட்டியைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அடுத்த வாரம் எங்களிடம் வந்துவிட்டார்கள்.

"ருசி பாக்கிற தொழிலாக்கும் சார் எனக்கு. வயித்தைக் கொறைச்சா நாக்கும் போயிருமா?" இதுதான் அவருடைய ஒரே சந்தேகம்.

"நாக்கை நான் தொடவே மாட்டேன்" என்றார் டாக்டர்.

அறுவைக்கு முன்னால் ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் வெறும் திரவ ஆகாரம். அது கல்யாண மாதம். ஊரெல்லாம் விருந்து சமைத்துக்கொண்டு அந்த மனிதர் மோரும் காய்கறிச் சாறும் குடித்துக்கொண்டு இருந்தார். பதினான்கு நாளும் தவறவில்லை. செண்பகம் சத்தியம் செய்து சொன்னார்.

இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டியெடுத்து, மீதியைக் குழாய் போல ஆக்கும் அறுவை அது. ஐந்து துளை. ஒவ்வொரு முறை கருவியை அழுத்தும்போதும் வெட்டும் ஊக்கும் ஒன்றாக விழும். கடைசியில் மூக்கு வழியாக இறக்கிய குழாயில் நீலச் சாயத்தை உள்ளே விட்டு, எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தோம். ஒரு துளி நீலம் வெளியே வரவில்லை. மறுநாள் அவர் வராந்தாவில் நடந்தார். நூற்றி அறுபது கிலோ மனிதர் ஒரு நாளில் நடக்கிறாரே என்று டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணி வாக்கில் வழக்கம்போல அவரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நாடி பிடித்தேன். நூற்றிப் பதினெட்டு. கால் மணி நேரம் கழித்து நூற்றி இருபத்து நாலு. காய்ச்சல் இல்லை. வயிறு மிருதுவாக இருந்தது. உள்ளே தேங்குவதை வெளியேற்ற வயிற்றில் வைத்திருந்த வடிகுழாயில் வந்த நீரும் சுத்தம்.

"எங்கயாவது வலிக்கா அண்ணா?"

"வயித்துல ஒண்ணுமில்ல சிஸ்டர். இந்த எடதுதோள்தான் லேசாட்டு குத்துது. தலையணை சரியில்ல போல."

எனக்கு டாக்டரின் புத்தகம் ஞாபகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் டாக்டர் ஒரு வரியின் அடியில் கோடு போட்டு எனக்கு விளக்கியிருந்தார். பெரிய உடம்புக்காரருக்கு உள்ளே கசிந்தால் வயிறு சொல்லாது, காய்ச்சல் சொல்லாது, நாடிதான் முதலில் சொல்லும் என்று. டாக்டர் அன்று மார்த்தாண்டத்தில் ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் இருந்தார். போன் செய்து நாடி, காய்ச்சல், வடிகுழாய் எல்லாம் சொன்னேன்.

"வடிகுழாய் சுத்தம், காய்ச்சலும் இல்ல. பிறகென்ன? பயமா இருக்கும். வலிமருந்து குடு" என்றார்.

"பயப்படுகிற ஆளு சிரிச்சுக்கிட்டு இருக்க மாட்டாரு சார். நீங்க வாங்க."

"எனக்க இலையில சோறு விளம்பியாச்சு பகவதி."

"தோள் வலிக்குதுண்ணு சொல்லுகாரு சார்."

"எந்தத் தோள்?"

"எடது."

போன் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் பட்டு வேட்டியோடு வந்து நின்றார். ஸ்கேன் எடுத்தோம். இரைப்பையின் உச்சியில், உணவுக்குழாய் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், கசிவு. மண்ணீரலைச் சுற்றி நீர் தேங்கி, மேலே உதரவிதானத்தை உறுத்தியதால்தான் வலி இடதுதோளில் தெரிந்திருக்கிறது.

செண்பகம் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "நடந்து வந்த மனுசனை இப்படிக் கொண்டு கெடத்திட்டியளே! உறங்கிட்டாவது இருந்தாரு. உயிரோடயாவது இருந்தாரு."

டாக்டர் வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் போட்ட ஊக்கு வரிசையில கசியுது அம்மா. அவரு மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. இது எனக்க பொறுப்பு. இப்பம் திரும்ப உள்ள போய்க் கழுவி விடணும். பொறவு அது தானாட்டு மூடுகது வரைக்கும் காத்திருக்கணும். வாரக்கணக்கா ஆகும். நான் எங்கயும் போக மாட்டேன்" என்றார். எதையும் மூடி மறைக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் தானே வண்டியில் ஏறி வருவதாகவும் சொன்னார். செண்பகம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கயே செய்யுங்க" என்றார்.

மாலைக்குள் கழுவி முடித்தோம். குடலில் ஒரு சின்னக் குழாய் பொருத்தி, அது வழியாகவே ஆகாரம். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்ட மனிதர் ஆறு வாரம் வாயில் எதுவும் வைக்காமல் கிடந்தார். நாங்கள் மிக்ஸியில் அரைத்துக் கொண்டுபோகும் கஞ்சியை மோந்து பார்த்து, "சிஸ்டர், பருப்பு கொஞ்சம் கூட வேகணும்" என்பார். ருசி தெரியாமல் குழாய் வழியாகப் போகிற கஞ்சிக்கு! அவர் சொன்னபடி நான் வேகவைத்துக் கொடுத்தேன். வார்டு நர்சுகளுக்குப் படுத்துக்கொண்டே எரிசேரி செய்யச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆறு வாரத்தில் எங்கள் விடுதிச் சாப்பாடு நன்றாகிவிட்டது.

வாரம் ஒருமுறை மட்டும் சோதனைக்காக நீலச் சாயம் கலந்த தண்ணீரை விழுங்கக் கொடுப்போம். நீலம் வடிகுழாய்க்கு வந்தால் கசிவு மூடவில்லை என்று அர்த்தம். முதல் வாரம் வந்தது. இரண்டாம் வாரம் வந்தது. நான்காம் வாரமும் வந்தபோது, அதுவரை முணுமுணுக்காத அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் பேசினார்.

ஆறாம் வாரம் நீலத்தை விழுங்கினார். வடிகுழாயின் பையை நான் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். பையில் நீலம் இல்லை. மறுநாள் காலையிலும் இல்லை. ஸ்கேனும் மூடிவிட்டது என்றது.

முதல் வாய்க்குக் கஞ்சித்தெளி கொடுத்தோம். டாக்டர், செண்பகம், வார்டு நர்சுகள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். ஒரு தேக்கரண்டி. நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விழுங்கினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"உப்பு கம்மி சிஸ்டர்."

சிரித்துச் சிரித்து டாக்டருக்குத்தான் கண்ணீர் வந்தது. செண்பகம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஒரு சட்டம். இந்த அறுவை முடிந்தவரின் நாடி கூடினால், எந்தப் பதவியில் இருக்கும் நர்சும் நேரடியாகப் பெரிய டாக்டரைக் கூப்பிடலாம். அவர் சோற்றுக்கு முன்னால் இருந்தாலும் சரி. அதை அவரே தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறிவிட்டது. ஊக்குப் போடும் கருவிகள் மேம்பட்டன. அறுவை முடிந்த மாலையே நடக்கவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு வடிகுழாயே வைப்பதில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள் வந்துவிட்டன. உட்கார்ந்தபடி எடை பார்க்கும் தராசு வந்துவிட்டது. மனநல ஆலோசகரும் உணவு ஆலோசகரும் முதலிலிருந்தே கூட இருக்கிறார்கள். குண்டு, தடி என்ற வார்த்தைகளை வார்டில் யாரும் சொல்லக்கூடாது. இப்போது ஊசி. சிலருக்கு முதலில் ஊசி, பிறகு அறுவை. சிலருக்கு அறுவைக்குப் பிறகு ஊசி. எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. யாருக்கும் விரல் மரத்துப் போகாமல் ஒருவர் எடை குறைந்தால் சந்தோஷம்தான்.

தாணு அண்ணன் இரண்டு வருஷத்தில் அறுபது கிலோவுக்கு மேல் குறைந்தார். படுத்துத் தூங்குகிறார். தொழிலையும் விடவில்லை. "ருசி பாக்க ஒரு சொட்டு போதும் சிஸ்டர். இத்தனை காலம் நான் ஒரு கரண்டி பாத்திருக்கேன், அதாக்கும் விசயம்" என்பார்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தேன். சமையல் தாணு அண்ணன். டாக்டரும் வந்திருந்தார். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, கைத்தடி ஊன்றுகிறார், சர்க்கரையும் உண்டு. கடைசிப் பந்தியில் நான், டாக்டர், செண்பகம், தாணு அண்ணன் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணன் இலையில் ஒரு பிடி சோறும், எல்லாக் கூட்டுகளிலும் ஒரு விரல் அளவும். மெல்ல மென்று, நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டார்.

டாக்டர் இலையில் பருப்புப் பாயசம் ஊற்றி, பப்படத்தையும் பழத்தையும் நொறுக்கிப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு பாலடைப் பாயசம் வந்தது. அதையும் சாப்பிட்டார். மூன்றாவது பாயசமாக அடைப்பிரதமன் வாளியோடு விளம்புகிறவர் வந்தார். டாக்டர் இலையின் நடுவைத் துடைத்து இடம் பண்ணினார்.

தாணு அண்ணன் கையை நீட்டி வாளியை மறித்தார். "சாருக்கு இனி விளம்பாதே மக்கா. போதும்."

"ஓய், நான் ஒமக்கு டாக்டராக்கும்" என்றார் டாக்டர்.

"அது ஆஸ்பத்திரியில சார். இது எனக்க ஆக்குப்புரை. சுகர் எவ்வளவு இருக்குண்ணு ஒங்க வீட்டம்மாகிட்டே கேட்டுட்டுத்தான் வந்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன். வாளி நகர்ந்து செண்பகத்திடம் போனது. டாக்டர் செல்லையனை எதிர்த்து நான் போனில் ஒரு தடவைதான் ஜெயித்திருக்கிறேன். அதற்கும் மூன்று தடவை சொல்லவேண்டி வந்தது. அன்று தாணு அண்ணனுக்கு மறுவார்த்தை சொல்லாமல் டாக்டர் இலையை மடக்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.